இரண்டு பதிவுகளுக்கு நடுவில் எவ்வளவு நேரம்? எஸ்க்யூஎல்-லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்-லில், நேர வித்தியாசக் குவரியை, அதாவது அந்தக் கேள்வியை, தவறாக எழுதினாலும் பெரும்பாலும் எரர் வராது. ஏதோ ஓர் எண் வரும், அதை நம்பி ரிப்போர்ட்டும் போய்விடும்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் இரண்டு டேட்டைம் (தேதியும் நேரமும் சேர்ந்த) மதிப்புகளைக் கழித்தல் குறி போட்டுக் கழிக்கவே கழிக்காதீர்கள். 9:55-க்கு ஒரு பதிவு, 10:05-க்கு அடுத்தது என்றால் 600 வினாடி வர வேண்டும், ஆனால் 5000 வரும், ஏனென்றால் அது நேரத்தை 20240310100500 மாதிரி ஒரே நீள எண்ணாக்கிவிட்டுத்தான் கழிக்கிறது. இரண்டும் ஒரே நிமிடத்துக்குள் இருந்தால் விடை சரியாகவே வரும் என்பதால் சின்ன டெஸ்ட் டேட்டாவில் இது மாட்டாது. நேர வித்தியாசத்துக்கென்றே டைம்ஸ்டாம்ப்டிஃப் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். டைம்டிஃப் என்ற இன்னொரு ஃபங்ஷனின் விடை 838:59:59-ஐத் (மணி:நிமிடம்:வினாடி) தாண்டாது, அதாவது 35 நாள் கூட இல்லை.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸின் டேட்டிஃப் ஃபங்ஷன் வேறு மாதிரி. கடந்த நேரத்தை அது அளப்பதில்லை, எத்தனை எல்லை தாண்டியது என்றுதான் எண்ணுகிறது. 10:00:59-க்கும் 10:01:00-க்கும் நடுவில் ஒரு நிமிடம் என்று சொல்லும். வினாடியில் எடுத்து 60-ஆல் வகுங்கள், 60.0 என்று போடாவிட்டால் தசமம் போய்விடும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நேரடியாகக் கழிக்கலாம், அங்கே இன்டர்வல் (கால இடைவெளி) கிடைக்கும். ஆனால் அதிலிருந்து மினிட்டை எக்ஸ்ட்ராக்ட் செய்தால் 2 மணி 5 நிமிடத்துக்கு வெறும் 5 வரும். அதற்குப் பதில் ஈபாக் எடுங்கள், மொத்தமும் வினாடியில் வரும்.

அடுத்தது முந்தைய வரிசையை, அதாவது முந்தைய பதிவை, கண்டுபிடிப்பது. ஐடி எண்ணில் ஒன்றைக் கழித்து ஜாயின் போடுவதை (இரண்டு வரிசைகளை இணைப்பதை) இன்னும் பார்க்கிறேன், ஒரு வரிசை டிலீட் ஆனாலே அது உடைந்துவிடும். முந்தைய வரிசையின் மதிப்பை எடுத்துத் தரும் லேக் (LAG) ஃபங்ஷன் மைஎஸ்க்யூஎல்-லிலும் 8.0 பதிப்பிலிருந்து உண்டு. ஊழியர் வருகைப் பதிவுகளில், ஊழியர் வாரியாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் பை விட்டுப்போனால் ஒரு ஊழியரின் வருகை நேரத்திலிருந்து இன்னொருவருடைய நேரம் கழியும். ஒரே நேரத்தில் இரண்டு பதிவு இருந்தால் எது முன், எது பின் என்பது மாறலாம், அதனால் வரிசைப்படுத்தும் ஆர்டர் பை-யில் ஐடி-யையும் சேருங்கள். அப்புறம் பலரும் கவனிக்காத ஒன்று: பதிவுகளை வடிகட்டும் வேர் (WHERE) நிபந்தனை லேக்குக்கு முன்பே ஓடிவிடுகிறது. நேற்றைய பதிவுகள் மட்டும் என்று அங்கே வடிகட்டினால் முந்தாநாளின் கடைசிப் பதிவு லேக்குக்குத் தெரியாது, நேற்றைய முதல் வரிசையில் நல் (NULL, மதிப்பில்லை என்ற குறி) வந்து நிற்கும். லேக்கை உள்குவரியில் வைத்து வெளியே வடிகட்டுங்கள். அங்கேயும் ஒவ்வொரு ஊழியரின் முதல் பதிவுக்கு நல் வரத்தான் செய்யும், அதைப் பூஜ்யமாக மாற்றினால் சராசரி குறைந்துவிடும், விட்டுவிடுங்கள்.

உள்ளூர் நேரத்தில் சேமித்த டேட்டா அமெரிக்காவிலிருந்து வந்தால் இன்னொரு சிக்கல். 2024 மார்ச் 10 அன்று நியூயார்க்கில் 2 மணி நேராக 3 ஆனது, 1:30-லிருந்து 3:30 வரை உண்மையில் ஒரு மணி நேரம்தான், குவரி இரண்டு என்று சொல்லும். சேமிக்கும்போதே யூடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) வைத்துவிட்டால் இந்தக் கணக்கே வராது.