தொலைபேசிக் கம்பியிலிருந்தே மின்சாரம்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

கம்பி கொண்ட பழைய தொலைபேசிக்குத் தனியாக அடாப்டர் கிடையாது. வீட்டில் மின்சாரம் நின்றாலும் அது பேசும். தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்தில் (எக்ஸ்சேஞ்ச்) இருக்கும் பேட்டரி அதே இரண்டு செம்புக் கம்பிகளின் வழியாக அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. அதில் கொஞ்சம் எடுத்து நம்முடைய சிறிய சுற்று ஒன்றை ஓட்டுவதுதான் இன்றைய வேலை. முதலில் ஓர் எல்ஈடி, பிறகு 5 வோல்ட் வழங்கி.

கம்பியில் என்ன இருக்கிறது?

ரிசீவர் கீழே இருக்கும்போது இரு கம்பிகளுக்கும் இடையே ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் (டிசி) நிற்கும். 2 வோல்ட் ஈய-அமிலக் கலங்கள் 24 தொடராக நிற்பதால் வந்த எண் அது. அவை எப்போதும் சார்ஜில் இருப்பதால் மல்டிமீட்டர் 50, 54 என்று காட்டினாலும் வியப்பில்லை. ரிசீவரை எடுத்தவுடன் சுற்று மூடிக்கொள்கிறது. 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை ஓடுகிறது. மிச்ச வோல்ட்டை இணைப்பகத்தின் ஊட்டு மின்தடையும் நீண்ட கம்பியும் விழுங்கிவிட, தொலைபேசியின் முனைகளில் 6 முதல் 12 வோல்ட்தான் மிஞ்சும்.

மணி அடிக்கும்போது கதை வேறு. 48 வோல்ட்டின் மேல் சுமார் 90 வோல்ட் மாறுமின்னழுத்தம் (ஏசி), நொடிக்கு 20 அல்லது 25 சுற்று வீதம் ஏறி உட்காரும். உச்சத்தில் 175 வோல்ட்டைத் தொடும். கையில் பட்டால் நன்றாகவே உதறும்.

தொடக்கநிலையாளர்கள் 48 வோல்ட்டைப் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது மின்னோட்டத்தை. ரிசீவர் கீழே இருக்கும்போது கம்பியிலிருந்து எடுக்கக்கூடியது மிக மிகக் குறைவு: டிசிக்குக் கருவி காட்டும் மின்தடை 5 மெகாஓமுக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்க விதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவு. அதாவது 10 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. அதைத் தாண்டினால் கம்பியில் கசிவு என்று இணைப்பகத்தின் சோதனை சொல்லும். சில மில்லியாம்பியர் எடுத்தால் ரிசீவரை யாரோ எடுத்துவிட்டதாகவே அது எண்ணும், உங்களை அழைப்பவருக்கு ‘பிஸி’ ஒலி கேட்கும். ஆகவே ரிசீவர் மேலே இருக்கும் நேரத்தை மட்டும் நம்பித் தொடங்குவோம்.

முதல் படி: மேசை மேல் ஒரு போலி இணைப்பகம்

உண்மையான கம்பியைத் தொடாமலே முழுப் பாடத்தையும் கற்கலாம். ஐந்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணையுங்கள்: 45 வோல்ட். நேர்முனையில் 1.5 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. கால் வாட் போட்டால் கருகும். இங்கே அது ஏறக்குறைய ஒரு வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டும். ரெசிஸ்டரின் மறுமுனையையும் பேட்டரியின் எதிர்முனையையும் சாதாரணக் கம்பித் தொலைபேசியின் இரு முனைகளில் கொடுங்கள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, பேசும் பகுதியில் மெல்ல ஊதிப் பாருங்கள். உங்கள் ஊதல் உங்களுக்கே கேட்டால் இணைப்பகம் தயார்.

இப்போது ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே வோல்ட் அளந்து 1,500ஆல் வகுங்கள். 37 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 25 மில்லியாம்பியர். சுற்றை எங்கும் வெட்டாமல் மின்னோட்டம் அறிய இதுவே சுலபமான வழி.

இரண்டாம் படி: பிரிட்ஜ்

எந்தக் கம்பி நேர், எது எதிர் என்பதை நம்பக் கூடாது. சாக்கெட்டில் மாற்றிப் போட்டிருப்பார்கள். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடுகள் நான்கைச் சேர்த்த பிரிட்ஜ் அந்தக் கவலையைத் தீர்க்கும். இரண்டின் வெள்ளிக் கோடு போட்ட முனைகளைச் சேர்த்தால் ‘+’. மற்ற இரண்டின் கோடில்லா முனைகளைச் சேர்த்தால் ‘−’. மிச்ச முனைகளைச் சோடி சோடியாக, ஒவ்வொரு சோடியிலும் கோடுள்ளது ஒன்று, கோடில்லாதது ஒன்று என்று இணைத்தால் உள்ளீட்டின் இரு கால்கள்.

தொலைபேசிக்குப் போகும் கம்பிகளில் ஒன்றை வெட்டி, வெட்டிய இடத்தில் அந்த இரு கால்களையும் இணையுங்கள். பிரிட்ஜ் இப்போது தொலைபேசியோடு தொடரில் இருக்கிறது, பக்கவாட்டில் அல்ல. இது முக்கியம். தொடரில் இருப்பதால் ரிசீவர் கீழே இருக்கும்போது, மணி அடிக்காதவரை, நம் சுற்றுக்கு ஒன்றுமே ஓடாது. கசிவுச் சிக்கல் தானாகவே ஒழிகிறது. பக்கவாட்டில் இணைத்தால் பேச்சொலியையும் நம் சுற்று தின்றுவிடும். தடுக்கச் சுருளோ டிரான்சிஸ்டர் சுற்றோ வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாத தலைவலி.

மூன்றாம் படி: எல்ஈடி

பிரிட்ஜின் ‘+’ முனையில் சிவப்பு எல்ஈடியின் நீளக் கால், ‘−’ முனையில் குட்டைக் கால். எல்ஈடிக்குப் பக்கவாட்டில் 100 ஓம் ரெசிஸ்டர். எல்ஈடிக்குத் தொடரில் ரெசிஸ்டர் போட்டுப் பழகிய கைக்கு இது விநோதமாகத் தோன்றும். இங்கே மின்னோட்டத்தை முடிவு செய்வது இணைப்பகம். நம் வேலை உபரியைத் திருப்பிவிடுவது. 1.8 வோல்ட்டில் அந்த ரெசிஸ்டர் 18 மில்லியாம்பியரைத் தன் வழியே கொண்டுபோகும்; மிச்ச நான்கைந்து எல்ஈடிக்கு. அதற்கு அது தாராளம்.

ரிசீவரை எடுங்கள், எரிய வேண்டும். பேட்டரி முனைகளை மாற்றிப் போடுங்கள், அப்போதும் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் டையோடு ஒன்று தலைகீழாக இருக்கிறது.

நான்காம் படி: 5 வோல்ட்

எல்ஈடியையும் 100 ஓமையும் கழற்றிவிட்டு, 5.1 வோல்ட், 1 வாட் செனர் டையோடைப் போடுங்கள். தன் முனைகளில் வோல்ட் அந்த அளவைத் தாண்டாமல் பிடித்துவைக்கும் டையோடு அது. கோடு ‘+’ பக்கம். அதற்குப் பக்கவாட்டில் 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர். உங்கள் சுற்று இதிலிருந்து 10 மில்லியாம்பியருக்குள் எடுக்கட்டும். மீதி செனர் வழியே போய்விடும். செனரும் டையோடுகளும் சேர்ந்து 6.5 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால் தொலைபேசிக்குப் போகும் மின்னோட்டம் 20 மில்லியாம்பியர் அளவுக்கு இறங்கும். இணைப்பகத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கும் கம்பியில் இந்த இழப்பே குரலை மங்கச் செய்யலாம். அங்கே 3.3 வோல்ட் செனரோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கெபாசிட்டருக்கு இரண்டு வேலை. உங்கள் சுற்றின் இரைச்சல் காதில் விழாமல் தடுப்பது ஒன்று. மற்றது சுழல்தட்டுத் தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு: எண் சுழற்றும்போது மின்னோட்டம் ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் 60 மில்லிநொடி அறுந்துபோகும். 10 மில்லியாம்பியர் எடுக்கும் சுற்றுக்கு அதற்குள் 1.3 வோல்ட் சரிந்துவிடும். மைக்ரோகன்ட்ரோலர் அதில் தடுமாறினால் 1,000 மைக்ரோஃபாரட் போடுங்கள், சரிவு பாதியாகும். ரிசீவரை வைத்த கால் நொடியில் எல்லாம் அணைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரிசீவர் கீழே இருக்கும்போது?

5.6 மெகாஓம் வழியாகச் சொட்டுச் சொட்டாக நிரப்பலாமே என்று தோன்றும். கிடைப்பது 8 மைக்ரோஆம்பியர் சொச்சம். 1,000 மைக்ரோஃபாரட் 5 வோல்ட்டைத் தொடவே பத்து நிமிடம் ஆகும். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் சொந்தக் கசிவே அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடக்கூடும், 5.1 வோல்ட் செனரும் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் 5.1க்கு வெகு கீழேயே கசியத் தொடங்கும். ஒரு லித்தியம் நாணய பேட்டரி வாங்கிப் போடுவதே மேல்.

மேசையை விட்டு வெளியே

அடுத்த சோதனைக்கு இணையவழித் தொலைபேசிப் பெட்டியின் ஃபோன் துளையே சிறந்த இடம். அது உங்கள் சொந்தப் பெட்டி, இணைப்பகத்தைத் தொந்தரவு செய்யாது, மணியும் அடிக்கும். பொதுக் கம்பியில் அங்கீகாரமில்லாத கருவியை இணைக்கப் பல நாடுகளில் தடை உண்டு. சேவை நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிட்டே கை வையுங்கள். இடி மின்னல் நேரத்தில் எந்தக் கம்பியும் வேண்டாம். இந்தச் சுற்றின் எந்த முனையையும் தரையிணைப்போடு சேர்க்காதீர்கள். கணினியின் யுஎஸ்பி கம்பியைச் செருகினாலும் அதேதான் நடக்கும்: ‘ம்ம்’ என்ற உறுமல் கேட்கும், கம்பியில் திடீரென்று மின்னழுத்தம் எகிறினால் கணினியும் போகும். தகவலைக் கணினிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் நடுவில் ஆப்டோகப்ளர் ஒன்றை (கம்பித் தொடர்பு இல்லாமல் ஒளி வழியே தகவலைக் கடத்தும் சில்லு) வையுங்கள். அதன் உள்ளீட்டு எல்ஈடிக்குத் தேவையான சில மில்லியாம்பியரை இந்த 5 வோல்ட்டே கொடுத்துவிடும்.