நம்ம பக்கம் ஒரு தேசிய அக்வேரியம் கேக்கணும்னா எப்படிக் கேக்கணும்

அரசு பணத்துல, பிள்ளைங்க படிக்கதுக்குன்னே ஒரு தேசிய அக்வேரியம் நெல்லை தூத்துக்குடி பக்கம் வரணும்னு நினைக்கவங்களுக்காகத்தான் இதை எழுதுதேன். ஆசை நிறைய பேருக்கு இருக்கு, ஆனா மனுன்னு வந்துட்டா "மீன் காட்சியகம் அமைத்துத் தர வேண்டுகிறோம்"னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துருதோம், அது பைலுக்குள்ள போயி அப்படியே கெடக்கும்.

முதல்ல என்ன வேணும்னு தெளிவா எழுதுங்க. டால்பின் ஷோ அது இதுன்னு போடாதீங்க, அதுக்கு அனுமதி கிடையாதுன்னு 2013-லயே மத்திய அரசு சொல்லியாச்சு. நம்மகிட்ட அதைவிடப் பெரிய விஷயம் இருக்குல்லா. பொதிகையில பொறக்குத தாமிரபரணி புன்னக்காயல் பக்கம் கடல்ல சேருது, மலை ஓடை, குளம், கழிமுகம், அதுக்கு அங்கிட்டு மன்னார் வளைகுடா பவளப்பாறை, எல்லாம் ஒரே நாள் பஸ் தூரத்துல. இந்த ஆத்தை விட்டா வேற எங்கயும் இல்லாத கெண்டை வகை கூட இங்க உண்டு. பாபநாசம் மேல உள்ள ஓடை மீன்ல ஆரம்பிச்சு, விரால் ஆரால் உள்ள குளம், அப்புறம் கழிமுகம், கடைசியில பவளப்பாறைன்னு ஆறு போற வரிசையிலயே தொட்டி வைக்கணும்னு கேளுங்க, ஏழாங்கிளாஸ் பிள்ளை ஒரு சுத்து சுத்தி வந்தா மேல விடுத அழுக்குத் தண்ணி எங்க போயிச் சேருதுன்னு தானா புரிஞ்சிரும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-லயே அறிவிச்சது, ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, ஆனா நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேரு ஒரு உயிருள்ள பவளத்தைப் பாத்திருக்கும்?

அடுத்ததுதான் ரொம்ப முக்கியம், இதை மட்டும் விட்டுராதீங்க. கட்டடத்தை மட்டும் கேக்காதீங்க, மாசச் செலவையும் சேத்துக் கேளுங்க. அக்வேரியம் ஒரு ஆஸ்பத்திரி ஐசியூ மாதிரி, ராத்திரி பகல் மிஷின் ஓடிக்கிட்டே இருக்கணும். மீன் கழிவுல இருந்து அம்மோனியா வரும், அது விஷம், பில்டர்ல வாழுத பாக்டீரியாதான் அதை நைட்ரைட்டாவும் பெறவு நைட்ரேட்டாவும் மாத்துது, அந்த பாக்டீரியா வளரவே வாரக்கணக்கா ஆகும், ஆனா கரண்ட் போயி பம்பு நின்னா ஆக்சிஜன் கொறைஞ்சு மீனும் சாவும் பாக்டீரியாவும் சாவும். அதனால ஜெனரேட்டர், சூடு ஏறாம இருக்க சில்லர், தினம் தண்ணி டெஸ்ட் பண்ண ஆளு, புது மீனை தனியா வச்சுப் பாக்க தொட்டி, மீன் டாக்டர், இவ்வளவும் மனுவுல வரணும். பவளத்துக்கு சூடு ஆகாதுங்கதுக்கு 2016-ல மன்னார் வளைகுடாவுல பவளம் வெளுத்ததே சாட்சி.

அமெரிக்காவுல 1873-ல மாசசூசெட்ஸ்ல ஆரம்பிச்சு பெறவு வாஷிங்டனுக்கு வந்த தேசிய அக்வேரியம் ஒண்ணு இருந்துச்சு, 1982-ல அரசு பணத்தை நிறுத்துனதும் ஒரு தனி சங்கம் எடுத்து நடத்துச்சு, கடைசியில 2013-ல அது இருந்த அரசு கட்டடத்தைப் புதுப்பிக்கணும்னு மூடிட்டாங்க. பேர்ல தேசியம்னு இருந்தா மட்டும் போதாது, வருஷா வருஷம் பட்ஜெட்ல அதுக்குன்னு ஒரு வரி இருக்கணும்.

எம்பி தொகுதி நிதி இருக்கேன்னு சிலர் சொல்லுவாங்க. வருஷம் 5 கோடி, ஆனா அது நிலையான சொத்து கட்டத்தான், சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் ஆகாது. எம்பிகிட்ட கேக்க வேண்டியது பணம் இல்ல, சபையில நமக்காக ஒரு கேள்வி கேக்கச் சொல்லணும். மக்களவையில எழுத்துப்பூர்வ பதில் வார மாதிரி கேள்வியை நாமளே தயார் பண்ணிக் குடுக்கணும், 15 நாள் முன்னாடி நோட்டீஸ் வேணும், அதனால கூட்டத்தொடர் தேதி வந்த உடனே ஓடுங்க. "மத்திய அரசே நெல்லையில வந்து நடத்துமா"ன்னு யாராவது கேட்டா கொக்கிரகுளம் அறிவியல் மையத்தைக் காட்டுங்க, 1987-ல இருந்து தேசிய அறிவியல் அருங்காட்சியகக் கவுன்சில்தான் அதை நடத்துது, எத்தனை ஸ்கூல் பிள்ளைங்க அங்க போயி வளர்ந்திருக்கு.

இதுக்கெல்லாம் முன்னாடி கடக்கரை ஊருக்குப் போங்க. உவரி, கூடுதாழை, இடிந்தகரை, மணப்பாடு. உவரியில ஒரு அண்ணாச்சி வலையில கை எடுக்காமலே கேட்டாரு, "யாப்பா, வள்ளம் ஏத்துத எடத்தை எடுத்துக்கிட்டா நாங்க எங்க போவோம்?" அந்தப் பயம் நியாயமான பயம். 2001-ல கடலட்டையையும் கடல்குதிரையையும் தடைப் பட்டியல்ல போட்டப்போ பொழப்பு போனது இவங்களுக்குத்தான். அதனால கரையைத் தொடக்கூடாது, வேலையில ஊர்ப் பிள்ளைங்களுக்கு இடம் வேணும், மீனுக்கு இவங்க சொல்லுத பேரும் பலகையில இருக்கணும்னு மனுவுலயே எழுதி அவங்க முன்னால வாசிச்சுக் காட்டுங்க. அவங்க கையெழுத்து இல்லாத மனுவை நான் குடுக்க மாட்டேன்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் நடக்கும், தீர்மானம் போட்டு சீல் வச்ச நகல் வாங்கிக்கிடுங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவோட அந்த நகல்களையும் சேத்துக் குடுத்து ரசீது நம்பரை பத்திரமா வைங்க. கூடவே 10 ரூபாய்க்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, நம்ம மாவட்டத்துக்கு இப்படி ஏதாவது திட்டம் பைல்ல இருக்கான்னு, 30 நாள்ல பதில் வரணும். "பரிசீலனையில் உள்ளது"ன்னு வந்தா விடாதீங்க, யார் மேசையில, எந்தத் தேதியில இருந்துன்னு அடுத்த ஆர்டிஐ.

மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1-ல வாசிச்சாலும் துறைக்காரங்க கணக்கு போடுதது அதுக்குப் பல மாசம் முன்னாடியே. ஆகஸ்ட் 15 தீர்மானத்தைக் கையில வாங்குன உடனே டெல்லிக்கு அனுப்பிருங்க, பொங்கலுக்கு அப்புறம் அனுப்புனா அடுத்த வருஷக் கணக்குதான்.