ஆவணக் காப்பாளர் சங்கச் செய்திமடல்: தேடினால் கிடைக்கும்படி தயாரிப்பது எப்படி?

எங்கள் சங்கச் செய்திமடலை அண்மையில் மாற்றி அமைத்தோம். அதில் கைகொடுத்த முறை இது. வண்ணம், முகப்பு எல்லாம் அவரவர் விருப்பம், அதற்குள் போகவில்லை.

1. 'புதிய வரவுகள்' பகுதியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பொன்னாடைப் படங்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். வெளியூர்க் காப்பாளருக்கு வேண்டியது, எந்தக் காப்பகத்துக்கு என்ன வந்திருக்கிறது என்பதுதான். 'அரிய ஆவணங்கள் நன்கொடையாக வந்தன' என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. காப்பக ஆவணங்களை விவரிப்பதற்கான அனைத்துலகத் தரமான 'ஐசாட்-ஜி'யில் உள்ள 26 கூறுகளில் ஆறு இன்றியமையாதவை: குறியெண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பு நிலை (முழுத் தொகுப்பா, ஒரு கோப்பா, தனி ஆவணமா என்பது). இந்த ஆறையும் கட்டமாகப் போட்டு, நிரப்பித் தரும்படி உறுப்பினர்களுக்கு அனுப்பிவிடுங்கள். 'கூட்டுறவுச் சங்கக் கூட்டக் குறிப்பேடுகள், 1938–1971, 14 கட்டுகள்' என்று வந்தால் ஆய்வாளர் உடனே கிளம்பி வருவார். பார்வையிட அனுமதி உண்டா என்பதையும் ஏழாவதாகக் கேட்பது என் வழக்கம்.

2. எல்லாக் கட்டுரைகளையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இங்கேதான் நிறைய நேரம் போகும். மூத்த உறுப்பினர்கள் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அனுப்புகிறார்கள். திரையில் 'தமிழ்' என்று தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான்; தமிழில் தேடினால் அகப்படாது. எழுத்துருமாற்றியில் முழுக் கட்டுரையையும் ஒட்டினால், இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் அது பாமினி என்றே எடுத்துக்கொண்டு பொருளற்ற தமிழாக்கிவிடும். அதனால் ஆங்கிலச் சொற்களை முதலில் வெட்டி, அந்த இடத்தில் 101, 102 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றி முடித்த பிறகு திரும்பச் சேர்க்கலாம்.

3. பக்க அமைப்புக்கு லிபர் ஆபீஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருள் போதும், எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். பழைய பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரை இனி விட்டுவிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மடல் (தொகுதி) எண், இதழ் எண், மாதம், ஆண்டு நான்கும் ஒவ்வொரு பக்க அடியிலும் வரட்டும். தனிப் பக்கம் ஒன்று நகலெடுக்கப்பட்டு எங்காவது போனாலும் எந்த இதழ் என்று தெரியும்.

4. பிடிஎஃப் எடுக்கும்போது அச்சிடும் வழியாகப் போகாதீர்கள். ஏற்றுமதிப் பெட்டியில், நெடுங்காலம் பாதுகாப்பதற்கான வடிவமான பிடிஎஃப்/ஏ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துரு கோப்பிலேயே பதிந்துவிடும். அப்புறம் ஒரு சோதனை: 'கோப்பு' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கண்ணெதிரே இருந்தும் அகப்படவில்லை என்றால், அந்த வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். இரட்டைக்கொம்பு தனியாகக் கழன்று ககரத்துக்கு முன்னால் நிற்கும். அந்தக் கோப்பை அனுப்பாதீர்கள், மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.

5. கோப்புப் பெயரில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து. ஒரு படி சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். இலங்கை சார்ந்த மடல் என்றால் 'நூலகம்' என்ற பெயருள்ள எண்ணிம நூலகத்தையும் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: பழைய இதழ்கள் தாளில் மட்டுமே இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளில் மொழியாகத் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். தமிழை மட்டும் கொடுத்தால் ஆங்கிலப் பெயர்கள் சிதையும். முழுவதும் மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லையென்றால் கட்டுரைத் தலைப்புகள், ஆட்பெயர்கள், ஊர்ப்பெயர்களை மட்டுமாவது திருத்திவிடுங்கள்.