புது மவுண்டன் பைக்கா? ஷாக்கில் உள்ள வளையத்தைப் பாருங்கள்

புது மவுண்டன் பைக்கில் முதல் நாள் பிரேக் சரியாகப் பிடிக்காது, பதற வேண்டாம். ஓரளவு வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள். ஒவ்வொரு பிரேக்கிலும் 20 முறை செய்தால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) பழகிவிடும்.

வண்டி கட்டைபோல் குதிக்கிறதா? எனக்கும் குதித்தது. ஹெல்மெட், பையோடு சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். பின்பக்க ஷாக்கின் (காற்றடைத்த அதிர்வுதாங்கி) தண்டிலுள்ள ரப்பர் வளையத்தை, தண்டு உள்ளே போகும் காற்றுக் குழாயின் விளிம்பைத் தொடும்வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். ஷாக்கின் முழு அசைவில் 25 முதல் 30 சதவீதம் அது நகர்ந்திருக்க வேண்டும். என் ஷாக்கின் முழு அசைவு 55 மி.மீ., வளையம் நகர்ந்ததோ 8 மி.மீ.தான்! காற்றைக் கொஞ்சம் இறக்கினேன், குதிப்பு அடங்கியது. வளையம் அதிகம் நகர்ந்தால் காற்றேற்ற வேண்டும். அதற்கு ஷாக் பம்ப்தான், டயர் பம்ப் உதவாது.