பழைய காரில் ஹெட்லைட் மங்கலா? ரிலே போட்டுப் பாருங்கள்

ஹெட்லைட் மங்கினால் உடனே பல்பை மாற்ற ஓடாதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் விளக்குக்கான முழு மின்சாரமும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகும், 60 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர், அத்தனையையும் தேய்ந்துபோன சுவிட்சும் மெல்லிய ஒயரும் தாங்க வேண்டும். விளக்கைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரால் பேட்டரியிலும் பல்பு முனையிலும் அளந்து பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரிலேதான் சரி; டாஷ்போர்டு சுவிட்சிலிருந்து வரும் சின்ன மின்சாரத்தால் இயங்கி, பேட்டரியின் முழு மின்சாரத்தையும் நேராகப் பல்புக்கு அனுப்பும் சுவிட்ச்தான் அது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஹை பீமுக்கு ஒரு ரிலே, லோ பீமுக்கு ஒன்று. ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும்: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த ஒயர் 30-இல், பல்புக்குப் போவது 87-இல், சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர் 86-இல், 85 எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடம்புக்கு. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும், அதற்கு முன்னால் ஒயர் உரசிப் பற்றினால் தடுக்க எதுவும் இல்லை. எர்த் மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும்படி செய்யுங்கள். பாதித் தொல்லை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அப்புறம், ஒயரின் உறை விரல் பட்டாலே பொடிந்து உதிர்கிறதா? அப்படியென்றால் ரிலே போதாது, மொத்த ஒயரிங்கையும் மாற்றிவிடுங்கள்.