ரப்பர் செடியின் வெளிறிய தளிர்கள்

திருவான்மியூர் வீட்டுக் கூடத்தில் 6 அடி உயர ரப்பர் செடி ஒன்றை வளர்க்கிறேன். கோடையில் அதன் புதிய இலைகள் மட்டும் சிறுத்து வெளிறி வந்தன. நரம்புகள் பச்சை, இடையே மஞ்சள், ஓரங்கள் கருகியிருந்தன. சத்துப் போதவில்லை என்று எண்ணி மண்புழு உரம் போட்டேன். அடுத்த தளிர் இன்னும் மோசமாக வந்தது.

இலைகளின் அடிப்புறத்தை உருப்பெருக்கியால் பார்த்தேன்; பூச்சி இல்லை. பிறகுதான் யோசித்தேன். தழைச்சத்து குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடி இலைகள். செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். இரும்பு அப்படி நகராது. அதனால் அதன் குறை தளிரில்தான் தெரியும்.

மண்ணிலுள்ள இரும்பு ஏன் எட்டவில்லை? தொட்டியின் விளிம்பில் விடை இருந்தது: வெள்ளை உப்புப் படிவு! எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் குழாய்களிலும் இதையேதான் பூசுகிறது. அந்தக் கடின நீரால் மண் காரத்தன்மை அடைந்தால், இரும்பு இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. ஓரம் கருகியதற்கும் உப்பே காரணம்.

மேல்மண்ணை 2 அங்குலம் நீக்கினேன். 20 லிட்டர் கேன் தண்ணீர் மூன்றை மெதுவாக ஊற்றி, முழுவதும் வடியவிட்டேன். செடி எளிதில் ஏற்கும் வடிவிலுள்ள கீலேட் இரும்பை லிட்டருக்கு அரை கிராம் கலந்து தளிர்களில் தெளித்தேன். இப்போது ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைத்தான் ஊற்றுகிறேன். அதில் உப்பு அநேகமாக இல்லை. ஐப்பசி மழைக்கு மொட்டைமாடியில் வாளிகள் தயார்.

கருகிய இலைகள் தேறவில்லை. ஐந்து வாரம் கழித்து விரிந்த இலை என் உள்ளங்கையைவிடப் பெரிது, முழுப் பச்சை.