பிரிட்டனில் நோய்க்கால உதவிப்பணம்: உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் கணக்கு என்ன சொல்கிறது?

உடம்பு முடியாமல் வேலையை நிறுத்தியவர்கள் எல்லோரும் கேட்பது, "எனக்கு பெனிபிட் கிடைக்குமா?" என்றுதான். எந்த பெனிபிட் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பிரிட்டனில் இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்றின் விதியை இன்னொன்றோடு குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் கிடைக்க வேண்டியதைக் கோட்டை விடுகிறார்கள்.

பி.ஐ.பி (பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட்): உங்கள் உடல்நிலை அல்லது மனநிலை அன்றாட வாழ்க்கையையும் நடமாட்டத்தையும் எவ்வளவு பாதிக்கிறது என்று பார்ப்பது. சம்பளம், சேமிப்பு, கட்டிய காசு எதையும் கேட்காது. வேலை செய்துகொண்டே வாங்கலாம். ஸ்காட்லாந்தில் இதன் இடத்தில் அடல்ட் டிஸெபிலிட்டி பேமென்ட் இருக்கிறது.

யூனிவர்சல் கிரெடிட்: வீட்டு வருமானத்தையும் சேமிப்பையும் பார்ப்பது. 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பொதுவாகக் கிடையாது. கணவன் அல்லது மனைவியின் சம்பளமும் கணக்கில் வரும்.

நியூ ஸ்டைல் இ.எஸ்.ஏ (எம்ப்ளாய்மென்ட் அண்ட் சப்போர்ட் அலவன்ஸ்): இதற்கு நீங்கள் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸ், அதாவது சம்பளத்திலிருந்தோ தொழில் லாபத்திலிருந்தோ அரசுக்குப் போகும் பங்களிப்புதான் அடிப்படை. வங்கியில் எவ்வளவு இருக்கிறது, துணைவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்ற கேள்வியே வராது. துணைவர் நல்ல சம்பளம் வாங்குவதால் "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று ஒதுங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 'பொது நிதி இல்லை' (அரசின் குறிப்பிட்ட உதவிகளை வாங்கக் கூடாது) என்ற நிபந்தனையோடு விசாவில் இருப்பவர்களுக்கும் இது முக்கியம். யூனிவர்சல் கிரெடிட்டும் பி.ஐ.பி-யும் பொது நிதிப் பட்டியலில் உள்ளவை. பங்களிப்பால் வரும் இ.எஸ்.ஏ அதில் இல்லை. ஆனாலும் விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 1: எந்த இரண்டு வருடங்கள்?

இனி வரும் படிகள் இ.எஸ்.ஏ-வுக்கானவை. இருபது வருடம் கட்டியிருந்தாலும் பார்க்கப்படுவது இரண்டே வரி ஆண்டுகள் (ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை). எவை என்பது நீங்கள் எப்போது கோருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெனிபிட் ஆண்டு ஜனவரி முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. அதற்கு முன் முழுமையாக முடிந்த கடைசி இரண்டு வரி ஆண்டுகளே கணக்கு.

2026 ஜனவரி 4 முதல் 2027 ஜனவரி 2 வரை தொடங்கும் கோரிக்கைகளுக்கு 2023-24, 2024-25 ஆகிய இரண்டும். ஜனவரி 3 ஆனதும் கணக்கு 2024-25, 2025-26 என்று நகர்ந்துவிடும். டிசம்பரில் தகுதி இல்லாதவருக்கு ஜனவரியில் தகுதி வரலாம், இருந்த தகுதி போகவும் செய்யலாம். ஆண்டு இறுதியில் விண்ணப்பிப்பவர்கள் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படி 2: இரண்டு சோதனைகள்

முதல் சோதனை: அந்த இரண்டு ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில், குறைந்தது 26 வாரங்களுக்கு, வாரம் 123 பவுண்டாவது சம்பாதித்து அதற்குப் பங்களிப்பு பதிவாகியிருக்க வேண்டும். வாரங்கள் தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. இந்த 123 என்பது அந்த இரு ஆண்டுகளுக்குமான கீழ் வரம்பு. 2025-26-இல் அது 125 ஆனது. கிரெடிட்கள் (வேலை செய்யாத காலத்துக்கு அரசே உங்கள் கணக்கில் போடும் பதிவு) இந்தச் சோதனையில் செல்லாது, உழைத்துப் பதிவானது மட்டுமே.

இரண்டாவது சோதனை: இரண்டு ஆண்டுகளிலுமே கீழ் வரம்பைப் போல் 50 மடங்கு, அதாவது ஆண்டுக்கு 6,150 பவுண்டு அளவுக்குப் பதிவு இருக்க வேண்டும். இதில் சம்பளமும் சேரும், முதலாம் வகுப்பு (ஊழியர் பங்களிப்புக்குச் சமமான) கிரெடிட்டும் சேரும்.

"என் பே ஸ்லிப்பில் இன்சூரன்ஸ் பிடித்தமே பூஜ்யம் என்று இருக்கிறதே?" பதற வேண்டாம். அந்த ஆண்டுகளில் வாரம் 242 பவுண்டு வரை பிடித்தம் கிடையாது. ஆனால் 123 முதல் 242 வரை வாங்கியவருக்குக் கட்டியதாகவே பதிவாகும்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். ஹாரோவில் ஒரு மளிகைக்கடையில் வாரம் 110 பவுண்டு, மாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் 100 பவுண்டு வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் வருவது 210. ஆனால் தொடர்பில்லாத இரண்டு முதலாளிகளின் சம்பளத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை. தனித்தனியே இரண்டும் 123-க்குக் கீழே, எனவே பதிவு பூஜ்யம். அதே 210 ஒரே கடையில் வந்திருந்தால் முழுப் பதிவு. பே ஸ்லிப் இல்லாமல் கையில் காசு வாங்குவோரின் கதை இன்னும் மோசம். பல வருடம் நின்று உழைத்தாலும் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. முதலாளி நம்ம ஊர்க்காரர்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

சுயதொழில் செய்வோருக்கு: அந்த ஆண்டுகளில் லாபம் 6,725 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் தானாகப் பதிவாகாது. விருப்பப்பட்டு இரண்டாம் வகுப்புப் பங்களிப்பு (சுயதொழிலுக்கானது) கட்டலாம், அது இ.எஸ்.ஏ-வுக்குச் செல்லும். மூன்றாம் வகுப்பு கட்டினால் ஓய்வூதியத்துக்கு மட்டுமே உதவும்.

படி 3: பதிவைப் பாருங்கள்

அரசின் இணையதளத்தில் உள்ள தனிப்பட்ட வரிக்கணக்கிலோ வரித்துறையின் ஆப்பிலோ உங்கள் பதிவு இருக்கும். ஆண்டுக்கு நேரே 'முழு ஆண்டு' என்று இருந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். அது ஓய்வூதியக் கணக்கு. மூன்றாம் வகுப்பு கிரெடிட்டால் நிரம்பிய ஆண்டும் அங்கே முழு ஆண்டுதான். எந்த வகுப்பு என்று தெளிவாகத் தெரியவில்லை என்றால் வரித்துறைக்குப் போன் செய்து கேளுங்கள்.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். யூனிவர்சல் கிரெடிட்டும் சைல்ட் பெனிபிட்டும் தருவது மூன்றாம் வகுப்பு கிரெடிட், அது இ.எஸ்.ஏ-வுக்குச் செல்லாது. இ.எஸ்.ஏ-வும் கேரர்ஸ் அலவன்ஸும் (பிறரைப் பராமரிப்பவருக்கான உதவிப்பணம்) தருவது முதலாம் வகுப்பு, அது செல்லும். பி.ஐ.பி எந்தக் கிரெடிட்டும் தருவதில்லை.

படி 4: விண்ணப்பம்

வேலையில் இருப்பவர் என்றால் முதலில் முதலாளி தரும் நோய்க்காலச் சம்பளம் 28 வாரம் வரை. அது முடிவதற்கு மூன்று மாதம் முன்பே இ.எஸ்.ஏ-வுக்கு விண்ணப்பிக்கலாம். முதலாளியிடமிருந்து எஸ்.எஸ்.பி 1 படிவம் (நோய்க்காலச் சம்பளம் முடிவதைச் சொல்வது) வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கு மேல் முடியாமல் இருந்தால் ஜி.பி-யின் (குடும்ப டாக்டரின்) சிக் நோட் வேண்டும். அது தேதி விடுபடாமல் தொடர்ந்து இருப்பது முக்கியம். காலம் கடந்துவிட்டால் மூன்று மாதம் வரை பின்தேதியிட்டும் கேட்கலாம்.

வருமானம் குறைவு என்றால் யூனிவர்சல் கிரெடிட்டையும் சேர்த்தே கேளுங்கள். இ.எஸ்.ஏ பணம் முழுவதும் அதில் கழிக்கப்படும். அப்படியானால் இரண்டும் எதற்கு? முதலாம் வகுப்பு கிரெடிட் கிடைக்கும். நாளை துணைவருக்கு வேலை கிடைத்து யூனிவர்சல் கிரெடிட் நின்றாலும் இ.எஸ்.ஏ நிற்காது. வேலைத்திறன் மதிப்பீடு ஒன்றுதான், அதன் முடிவு இரண்டுக்கும் பொருந்தும்.

படி 5: ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு

மதிப்பீட்டில் 'சப்போர்ட் குரூப்'பில் (வேலைக்கும் அதற்கான தயாரிப்புக்கும் முடியாதவர்கள்) வைத்தால் இ.எஸ்.ஏ-வுக்குக் கால வரம்பு இல்லை. வேலைக்கான தயாரிப்புக் குழுவில் வைத்தால் 365 நாளோடு நின்றுவிடும். பிறகு வருமானத்தைப் பொறுத்து யூனிவர்சல் கிரெடிட் பக்கம் போகலாம். அதற்கும் தகுதி இல்லையென்றால் 'கிரெடிட் மட்டும்' என்ற வகையில் இ.எஸ்.ஏ கோரிக்கையைத் தொடரச் சொல்லுங்கள். பணம் வராது, ஆனால் பதிவில் ஓட்டை விழாது.

வேலைக்குத் திரும்பி 12 வாரத்துக்குள் மறுபடி முடியாமல் போனால் பழைய கோரிக்கையோடு இணைத்துவிடுவார்கள், பழைய இரண்டு ஆண்டுகளே செல்லும். 12 வாரம் தாண்டினால் புதுக் கணக்கு, முதல் சோதனைக்கு அப்போது பார்க்கப்படும் இரண்டு ஆண்டுகளில் ஒன்றில் 26 வார உழைப்புப் பதிவு தேவை.

பங்களிப்பு போதாது என்று கடிதம் வந்தால், அதில் எந்த வரி ஆண்டைக் குறை சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்த ஆண்டின் பே ஸ்லிப்களையும் பி 60-ஐயும் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) எடுத்து வைத்து, ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். முதலாளி சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்.